தாய்ப்பலகை: பத்துப் பேர் சொல்லும் பத்துக் கதைகளில் எதை நம்புவது?



உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சேர், பிள்ளைக்குக் கம்பியூட்டர் ஒன்று எடுத்துக் கொடுக்க வேணும். எந்த மதர்போர்ட் நல்லம்?"

கேட்கும்போதே கையில் நாலு பதில் இருக்கும். கடைக்காரர் ஒன்றைச் சொல்லியிருப்பார். மாமா மகன் அதையே வேண்டாம் என்றிருப்பார். யூடியூபில் ஒருவர் புகழ்ந்திருப்பார். இன்னொருவர் "ஒரு வருசத்தில செத்துப் போச்சு" என்று எழுதியிருப்பார்.

இது சின்ன விடயமல்ல. 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. சில வீடுகளில் உம்மாவின் காப்பு அடகுக்குப் போய்த்தான் பிள்ளையின் கணினி வருகிறது. பிழையான பலகையை வாங்கினால் மறுபடி வாங்க வழியில்லை.

கருத்துச் சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் பொய் சொல்வதில்லை. தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். பிறகு ஏன் ஒருவர் சொல்வது மற்றவருக்கு முரணாக இருக்கிறது? தாய்ப்பலகையின் நாற்பது வருட வரலாற்றைப் பார்த்தால் விளங்கும்.

1981 ஓகஸ்டில் ஐபிஎம் தன் பீசியை வெளியிட்டபோது இந்தக் குழப்பமே இல்லை. பலகையும் ஐபிஎம், பெட்டியும் ஐபிஎம். ஆனால் ஐபிஎம் அதன் சுற்று வரைபடங்களைத் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்தது. கொம்பாக் நிறுவனம் பயோஸ் மென்பொருளைத் தானே புதிதாக எழுதி, 1982இலேயே ஐபிஎம்முக்கு ஒத்த கணினியை அறிவித்தது. கதவு திறந்துகொண்டது. தாய்வானில் 1986இல் கிகாபைட்டும் எம்எஸ்ஐயும், 1989இல் அசுஸும் தொடங்கப்பட்டன. 1995இல் இன்டெல் 'ஏடிஎக்ஸ்' என்ற அளவுத்திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆணி அடிக்கும் துளை எங்கே, மின்சார இணைப்பு எப்படி என்பதெல்லாம் பொதுவானது. ஒரு கம்பனியின் பலகை இன்னொரு கம்பனியின் பெட்டிக்குள் பொருந்தியது. நமக்குத் தெரிவு கிடைத்தது. தெரிவோடு சந்தேகமும் வந்து சேர்ந்தது.

1990களின் நடுப்பகுதியில் உண்மையான மோசடி ஒன்றும் நடந்தது. அந்தக் கால 486 பலகைகளில் 'கேஷ்' எனும் வேக நினைவக சிப்புகள் இருக்கும். சில மலிவுப் பலகைகளில் சிப்பு போலத் தெரிந்தவை உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பிளாஸ்டிக் துண்டுகள். கணினியைப் போட்டால் கேஷ் இருப்பதாகத் திரையிலும் காட்டும். வேகத்தை அளந்து பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

அடுத்து வந்தது மோசடியை விடச் சிக்கலானது. 2000களின் முதல் பாதியில் பல கம்பனிகளின் பலகைகளில் கெப்பசிட்டர்கள் உப்பத் தொடங்கின. மின்சாரத்தைச் சீராக்கும் சிறிய உருளைகள் அவை. உள்ளே ஊற்றியிருந்த திரவக் கலவை சரியில்லாததால் வாயு உண்டாகி, மேல்மூடி வீங்கி, கசிந்து, கணினி திடீர் திடீரென நின்றது. 2005இல் டெல் நிறுவனம் இப்படிப் பழுதான ஒப்டிப்ளெக்ஸ் கணினிகளுக்காக 300 மில்லியன் டொலரைக் கணக்கில் ஒதுக்க வேண்டி வந்தது.

இந்தப் பழுது முதல் கிழமையில் வருவதில்லை. மாதங்கள், சில வேளை ஒன்றிரண்டு வருடங்கள் கழித்துத்தான் வரும். பெட்டியைத் திறந்த சூட்டோடு பலகையைப் புகழ்ந்து எழுதியவர் பொய் சொல்லவில்லை. இரண்டு வருடம் பாவித்துவிட்டு ஏசியவரும் பொய் சொல்லவில்லை. இன்று பாவித்த பொருள் சந்தையில் கிடைக்கும் ஒப்டிப்ளெக்ஸ்கள் வேறு தலைமுறை. அந்தப் பழைய பழியை இவற்றின் மேல் போடுவதும் நியாயமில்லை.

2011 ஜனவரியில் இன்னொன்று. இன்டெல்லின் புதிய பலகைகள் சந்தைக்கு வந்து பாராட்டு வாங்கின. அதே மாதம் 31ஆம் திகதி, தன் 6ஆம் தொடர் சிப்செட்டில் வடிவமைப்புக் குறை இருப்பதாக இன்டெல்லே அறிவித்தது. ஹார்ட் டிஸ்க் பொருத்தும் ஆறு சாட்டா வாயில்களில் நான்கு, காலப்போக்கில் பலவீனமாகக் கூடும். மற்ற இரண்டுக்கும் ஒன்றுமில்லை. திருத்திக் கொடுக்க 700 மில்லியன் டொலர் ஆகும் என மதிப்பிட்டார்கள். அந்த இரண்டு வாயில்களை மட்டும் பாவித்தவர் "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார். மற்றவர் "வாங்காதே" என்பார். இரண்டும் உண்மை.

2020 மே மாதம் இன்னும் வேடிக்கை. அடுத்து வரும் ரைசன் ப்ரொசெசர்கள் பி450 பலகைகளில் வேலை செய்யாது என்று ஏஎம்டி சொன்னது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். இரண்டு கிழமைக்குள், 19ஆம் திகதி, பயோஸ் புதுப்பிப்பு மூலம் வேலை செய்ய வைப்போம் என்று மாற்றிச் சொன்னது. அந்த இரண்டு கிழமைக்குள் எழுதப்பட்ட அறிவுரைகளை இன்று திகதி பார்க்காமல் வாசிப்பவர், நல்ல பலகை ஒன்றைக் கைவிட்டுவிடுவார். திகதி பார்க்காமல் மறுபக்கத்தை நம்பி, பழைய பயோஸ் உள்ள பலகையை வாங்கியவருக்கோ புதிய ப்ரொசெசரைப் போட்டால் திரையே வராது.

ஆக, எல்லாக் கருத்துக்கும் ஒரு திகதி இருக்கிறது. திகதியை வெட்டிவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்தால்தான் குழப்பம்.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. நமது ஹதீஸ் கலை அறிஞர்கள், செய்தி என்ன என்பதோடு, யார் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்றும் ஆராய்ந்தார்கள். முதுமையில் நினைவு மங்கிய அறிவிப்பாளர் என்றால், மங்குவதற்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்றுகூடப் பிரித்தார்கள். மார்க்க விடயத்தின் கனம் வேறு, கணினியின் கனம் வேறு. ஆனால் விசாரிக்கும் முறையை நாம் எங்கும் பாவிக்கலாம்.

அடுத்த முறை யாராவது ஒரு பலகையைப் பற்றிச் சொன்னால் இவற்றைக் கேளுங்கள்:

1. இது எப்போது சொன்னது? அதற்குப் பிறகு பயோஸ் மாறியதா?

2. சொன்னவர் எவ்வளவு காலம் பாவித்தார்? ஒரு நாளா, இரண்டு வருடமா?

3. எதற்குப் பாவித்தார்? கேம் விளையாடுகிறவரின் தேவை வேறு, கோடிங் பழகும் பிள்ளையின் தேவை வேறு.

4. அவருக்கு இதில் இலாபம் உண்டா? கடைக்காரர் இலாபம் பார்ப்பது ஹலாலான தொழில். ஆனால் அவர் இருப்பில் உள்ளதையே முதலில் காட்டுவார் என்பதை நினைவில் வையுங்கள்.

இவற்றோடு, கம்பனியின் இணையத்தளத்தில் அந்தப் பலகைக்கான ப்ரொசெசர் பட்டியலைப் பாருங்கள். எந்த ப்ரொசெசருக்கு எந்த பயோஸ் பதிப்பு வேண்டும் என்று அதில் இருக்கும். வொரண்டி எத்தனை வருடம், யார் பொறுப்பு என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பாவித்த பலகை என்றால் வெளிச்சத்தில் பிடித்து, கெப்பசிட்டர்களின் மேல்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால், எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

உங்களிடம் உள்ள பலகையின் பெயரையும் எத்தனை வருடம் பாவிக்கிறீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். வாங்கிய வருடத்தையும் சேர்த்து எழுதினால் அடுத்து வாங்கப் போகும் குடும்பத்துக்கு உதவும்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.