ரேக்ளாத் தடமும் முதிய கரங்களும்

அமராவதிக் கரையிலமைந்த தாராபுரமும் அதன் வடக்கேயுள்ள காங்கயமும் மாட்டுச் செல்வத்தால் பெயர் பெற்றவை. முள்கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் நிறைந்த கொறங்காடுகளே காங்கயம் காளைகளைப் பேணி வளர்த்தன. கவலை இறைத்தும் ஏர் இழுத்தும் உரமேறிய அக்காளைகளை இணையாகப் பூட்டி, இலேசான இருசக்கர வண்டியில் விரைவதே ரேக்ளாப் பந்தயம். பற்களின் கணக்கால் காளைகளைப் பிரித்து, 200 மீட்டர், 300 மீட்டர் தடங்களில் ஓட்டி, கடந்த நேரத்தைக் கொண்டு வெற்றியை அறுதியிடுவர்.

காலப்போக்கில் கவலையின் இடத்தை மின்மோட்டாரும் ஏரின் இடத்தை டிராக்டரும் கைக்கொண்டன. இளைஞரைத் திருப்பூர்ப் பனியன் தொழில் ஈர்த்தது. காளைகள் அருகின. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தது. 2017இல் தமிழகம் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லுமென்றது.

சட்டம் தடத்தைத் திறந்தது. ஓட்டும் கலையைத் தருவது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. கன்றைத் தேர்தல், குணமறிந்து இணை சேர்த்தல், கயிற்றின் அசைவில் காளையின் மனம் உணர்தல் ஆகியவை ஏட்டில் ஏறாத கல்வி. முன்னாள் ஓட்டிகளின் தளர்ந்த கரங்களில் தங்கியிருப்பவை. அம்முதியோரிடம் இளைஞர் பயிலவும், கொறங்காடுகள் மனைகளாகாது நிற்கவும் வேண்டும். இவ்விரண்டும் கூடினாலன்றி, மீட்ட பந்தயம் ஒருநாள் திருவிழாவாகவே முடியும்.