பாறையைத் தாங்கிய கைகள்
(கோலார் தங்கவயல் வரலாற்றில் ஓர் ஏடு)

கோலார் தங்கவயலைப் பொன் விளைந்த பூமி என்று உலகம் போற்றும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏறத்தாழ 800 டன் பொன்னை அம்மண் ஈந்தது என்பர். மண் தானாக எதையும் ஈவதில்லை. பூமியின் வயிற்றுக்குள் இறங்கி, பாறையைத் துளைத்து, வெடி வைத்து, கல்லை வாரி மேலே அனுப்பிய மனிதர்கள் இருந்தனர். அவர்களுள் மிகப் பலர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள். தலைக்கு மேலிருந்த பாறை எவ்வாறு நின்றது, எவ்வாறு சரிந்தது, அதைத் தாங்கி நிறுத்த அவர்கள் என்ன செய்தனர் என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். அதன் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

1880ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலார் வயலில் சுரங்கப் பணியை ஏற்றனர். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்னும் சுரங்கங்கள் அடுத்தடுத்து எழுந்தன. சுரங்கம் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. உழைப்போ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சென்றது. வடஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து ஆதி திராவிட மக்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டனர். ஊரில் அவர்களுக்கு நிலமில்லை. பண்ணையடிமைத்தனமும் பஞ்சமும் தீண்டாமையும் இருந்தன. தங்கவயலில் மாதக் கூலி உண்டு என்ற ஒரு நம்பிக்கையே அவர்களை அழைத்துச் சென்றது. மூங்கில் தட்டி வீடுகளில் குடியேறி, ஒப்பந்தக்காரரிடம் பெயர் கொடுத்து, அவர்கள் சுரங்கத்தில் இறங்கினர்.

அங்கே பொன் கட்டி கட்டியாகக் கிடப்பதில்லை. கெட்டியான கரும்பாறையினூடே, ஒன்றிரண்டு மீட்டர் கனமே உள்ள வெண்கல் நாளமாக அது பூமிக்குள் செங்குத்தாக இறங்கிச் செல்கிறது. நாளம் போன வழியே மனிதரும் போயினர். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தபின் ஆழம் விரைந்து கூடியது. இறுதியில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டரையும் கடந்து, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பமே 60 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும்.

வெப்பத்தினும் கொடியது பாரம். 3,000 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தின்மேல் நிற்கும் பாறையின் எடை 8,000 டன்னுக்கும் அதிகம். வெட்டப்படாத பாறை இப்பாரத்தைச் சமமாகத் தாங்கி அமைதியாக இருக்கும். ஓரிடத்தைக் குடைந்து வெற்றிடமாக்கினால், அவ்விடம் தாங்கிய பாரம் பக்கத்துப் பாறையின்மேல் சாய்கிறது. ஒரு வீட்டில் நான்கு தூண்களில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் அதன் சுமையை ஏற்பது போன்றதே இது.

இங்கே இரண்டு வகை ஆபத்துகளைப் பிரித்தறிய வேண்டும். விரிசல் கண்ட கல் தன் எடையால் கழன்று விழுவது ஒரு வகை. எல்லாச் சுரங்கங்களிலும் இது உண்டு. பாறை தானே வெடிப்பது மற்றொரு வகை. மென்மையான பாறை பாரத்தால் மெல்ல நெகிழ்ந்து இடம் கொடுக்கும். கோலார்ப் பாறையோ கடினமானது, எளிதில் நெகிழாதது. வளைத்த மூங்கில் விசையைத் தன்னுள் அடக்கி வைத்திருப்பது போல அது பாரத்தை அடக்கி வைத்திருக்கும். எல்லை கடந்த கணத்தில், வெடிமருந்து இன்றியே, பீரங்கி முழக்கத்துடன் சிதறும். டன் கணக்கான கற்கள் சுரங்க வழியை ஒரு நொடியில் மூடிவிடும். மேலே குடியிருப்புகளிலும் நிலம் அதிரும், சுவர்கள் பிளக்கும். கீழே எவர் எவர் இருந்தனரோ என்று வீடுதோறும் பெண்கள் வாயிற்படிக்கு ஓடி வருவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கோலாரில் இவ்வதிர்ச்சிகள் தொடங்கிவிட்டன. வெடிப்பின்போது காற்று பேரலையாக மோதியதால் அக்காலத்தில் இவற்றை 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். 1904ஆம் ஆண்டில் மைசூர் அரசின் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்பார் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். 1912 முதல் நில அதிர்வைப் பதியும் கருவி கொண்டு வெடிப்புகள் கணக்கிடப்பட்டன. பாறை வெடிப்பு பற்றிய உலக ஆராய்ச்சியில் கோலார் ஒரு தொடக்கப் பள்ளியாக விளங்கியது என்று கூறலாம்.

காரணங்கள் படிப்படியாகத் தெளிந்தன. நாளத்தை அங்குமிங்குமாக வெட்டும்போது, நடுவே வெட்டப்படாத பாறைத் துண்டுகள் தூண் போல எஞ்சும். சுற்றிலும் உள்ள பாரம் அனைத்தும் அத்துண்டின்மேல் குவியும். அதிலும் பொன் இருப்பதால் கடைசியில் அதையும் வெட்டச் செல்வர். வெட்ட வெட்டத் துண்டு சிறுக்கும், பாரமோ பெருகும். அத்தகைய இடங்களிலும், பாறையில் பிளவு குறுக்கிடும் இடங்களிலும் வெடிப்பு மிகுந்தது. எஞ்சிய துண்டை வெட்டச் சென்ற தொழிலாளி, இழுத்துக் கட்டிய நாணின்மேல் நின்றவனுக்கு ஒப்பானவன்.

வெற்றிடத்தைத் தாங்கி நிறுத்தும் முறைகளும் மாறி வந்தன. முதலில் மரம் வைத்தனர். மரம் முறியுமுன் முனகும். அவ்வொலி கேட்டுத் தொழிலாளர் விலகி ஓட இயலும். ஆயினும் வெப்பமும் ஈரமும் மிகுந்த ஆழத்தில் மரம் நில்லாது. தீயின் அச்சமும் உண்டு. பின்னர், செதுக்கிய கருங்கற்களை அடுக்கி, வெட்டிய இடமெங்கும் சுவர் எழுப்பினர். சுண்ணாம்பும் சாந்தும் இன்றிக் கல்லின்மேல் கல் வைத்து, மேற்பாறையோடு இறுக்கிப் பொருத்தும் நுண்மையான வேலை அது. 1950களில் கான்கிரீட் நிரப்பும் முறை வந்தது. இடைவெளியின்றி அது பாறையோடு பொருந்தியதாலும், துண்டுகள் எஞ்சாதவாறு வெட்டும் ஒழுங்கு திருத்தப்பட்டதாலும், வெடிப்புகளின் கொடுமை குறைந்தது. முற்றிலும் ஒழியவில்லை.

இவ்வரலாற்றில் ஏட்டில் ஏறாத ஒரு பகுதி உண்டு. வெடி வைத்த இடத்துக்குள் முதலில் நுழைபவன் கடப்பாரையால் மேற்பாறையைத் தட்டிப் பார்ப்பான். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதி. மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல். கழன்ற கல்லை நெம்பித் தள்ளிய பின்னரே மற்றவர் உள்ளே வரலாம். காதாலும் கையாலும் கற்ற இக்கலை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. ஊரில் எந்தக் கையைத் தொட்டால் தீட்டு என்றனரோ அந்தக் கை, பலரின் உயிரைக் காக்கும் கருவியாய்ப் பூமிக்கடியில் விளங்கியது. ஆனால் அறிக்கைகளை எழுதியவர் வேறு. ஆய்வுக் கட்டுரையில் பெயர் பொறித்தவர் வேறு. கல்லைத் தட்டியவன் அவ்வேடுகளில் ஓர் எண்ணாகவே நின்றான்; அதுவும் பெரும்பாலும் மாண்டோர் தொகையில்.

அவர்கள் இதை அறியாதிருந்தவர் அல்லர். பண்டிதர் அயோத்திதாசரின் வழியில் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன. உழைத்துக் களைத்து மேலேறியவர்கள் கைக்காசு சேர்த்துச் சங்கங்களை வளர்த்தனர், நூல்கள் அச்சிட்டனர். அயோத்திதாசர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' இதழ் 1926இல் கோலார் தங்கவயலில் மீண்டும் உயிர் பெற்றது. 1930ஆம் ஆண்டில் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்ற விதி வந்தபோது, தங்களைக் குற்றவாளிகளாகக் கருதுவதா என்று சீறி எழுந்து மூன்று வாரங்கள் வேலை நிறுத்தம் செய்தனர். படிக்கவும் எழுதவும் முனைந்த மக்களுக்கு, மையில் தோய்த்த விரல் எத்தகைய இழிவாகத் தோன்றியிருக்கும் என்பதை நாம் உணரலாம்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. பொன்னின் அளவு குறைந்து செலவு பெருகவே, 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திகைத்து நின்றன. வெட்டுவது நின்றும் பாறை முழுதும் ஓயவில்லை. கைவிட்ட வழிகளில் நீர் நிறைந்தபோதும் அதிர்வுகள் பதிவாயின. இதற்கிடையே, 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அதே தங்கவயலில் தோற்றுவிக்கப்பட்டது. அணைகள், நிலத்தடி மின் நிலையங்கள், சுரங்கப் பாதைகள் முதலியவற்றின் பாறை உறுதியை ஆராயும் பணி அதனுடையது. நம் முன்னோர் உயிரை விலையாகக் கொடுத்த இடத்தில் ஓர் அறிவியல் துறையே வேரூன்றியது.

அன்பார்ந்த இளைஞர்களே! இத்துறைக்கு நாம் அந்நியர் அல்லர். கல்லின் ஒலியைக் கேட்டு அதன் உள்ளத்தை அறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆயினும் அவர்தம் அறிவு அவர்தம் உடலோடு மறைந்தது. அதை எழுதி வைக்க எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. எழுத்து கிட்டியபோது உடல் ஓய்ந்திருந்தது. இன்று நமக்குப் பள்ளி உண்டு, கல்லூரி உண்டு, துணை நிற்க இக்கல்விக் கழகம் உண்டு. நிலவியலும் சுரங்கப் பொறியியலும் பயின்று, பாறையைப் பற்றிய அறிக்கையில் கையொப்பமிடும் இடத்திற்கு நம்மில் சிலரேனும் செல்ல வேண்டும். அதுவரை ஒவ்வொருவரும் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. தங்கவயலில் பணியாற்றிய பெரியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் அருகில் அமர்ந்து, கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து எழுதி வையுங்கள். எண்ணாக எழுதப்பட்டவர்களைப் பெயராக எழுதுவது நம் கடமை.