மக்காச்சோளமும் உரமிடலும்: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரம்

நெல், கரும்பு, மல்லாட்டை, உளுந்து என்று பழகிய விழுப்புரம் மண்ணுக்கு மக்காச்சோளம் பிந்தி வந்த பயிர். மெக்சிகோவில் தோன்றிய இது, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. கோழித்தீவனத் தேவை பெருகியபோது இங்கும் பரவியது. அது மிகுதியாகப் பயிராகும் மேற்குப் பகுதி 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமாகப் பிரிந்தது.

திண்டிவனத்தைச் சுற்றிப் பெரும்பாலும் செம்மண். ஏரி வண்டல் அடிப்பதும், ஆட்டுக்கிடை கட்டுவதும், மாட்டுக்குப்பை கொட்டுவதுமே இங்கு நெடுங்காலம் உரமிடலாக இருந்தன. சாணத்தை எரித்துவிடுவது இந்திய வேளாண்மைக்குப் பேரிழப்பு என்று ஆங்கிலேய வேளாண் வேதியியலர் வோல்க்கர் 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில் எழுதினார்.

திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் புகழ்பெற்றது எண்ணெய்வித்துகளால்; அதன் டி.எம்.வி. 2 நிலக்கடலை ரகம் 1940இல் வெளிவந்தது. மக்காச்சோளத்தின் உரப் பசியை நீண்டகாலம் அளந்தது கோயம்புத்தூர். அங்கே 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை இன்றும் நடக்கிறது. 1972 முதல் இன்னொரு வயலில் கேழ்வரகையும் மக்காச்சோளத்தையும் மாற்றி மாற்றி விதைத்துவருகிறார்கள்.

இந்த இரண்டாவது வயல் களிப்பான கரிசல், சாம்பல்சத்து நிறைந்தது. அதனால் பொட்டாஷ் இடாத பாத்தியில் விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. மணிச்சத்தை நிறுத்திவிட்டு யூரியா மட்டும் போட்ட பாத்தியோ, எந்த உரமும் காணாத பாத்தியின் நிலைக்கே இறங்கியது. வளமான மண் தன் குறையை உடனே காட்டுவதில்லை; இருப்பு தீரும்வரை பயிர் பச்சையாகவே நிற்கும். ஒன்றரை மடங்கு உரமிட்ட இடத்திலும் விளைச்சல் ஒன்றரை மடங்காகவில்லை. பரிந்துரைத்த உரத்தோடு தொழுவுரமும் சேர்ந்த பாத்திதான் ஆண்டாண்டாக முன்னே நின்றது.

காரணம் எளிது. வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, 75 கிலோ மணிச்சத்து, 75 கிலோ சாம்பல்சத்து, 12.5 டன் தொழுவுரம் என்று பரிந்துரைத்தது. அத்தனை தொழுவுரத்திலும் தழைச்சத்து ஏறத்தாழ 60 கிலோதான். அதிலும் ஒரு பங்கே முதல் பயிருக்குக் கிட்டும். ஆகவே குப்பை மட்டும் போதாது. ஆனால் ஈரத்தையும் இட்ட உரத்தையும் வேரடியில் பிடித்துவைப்பது அந்தக் குப்பைதான். மணற்பாங்கான செம்மண்ணில் இந்த உதவி இரட்டிப்பு மதிப்புடையது.

பயிரே சொல்லிவிடும் குறைகளும் உண்டு. அடித்தோகை நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளித்தால் தழைச்சத்துப் பஞ்சம். ஓரம் கருகினால் சாம்பல்சத்து. குருத்து வெளுத்தால் துத்தநாகம். தழைச்சத்தை அடியுரமாகக் கால், 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் கால் என்று பிரித்து இடவேண்டும்.

மண்ணைச் சோதித்து, எதிர்பார்க்கும் விளைச்சலுக்கேற்ப உரத்தைக் கணக்கிடும் முறையை மண்ணியல் அறிஞர் ராமமூர்த்தி 1960களில் வகுத்தார். மண்வள அட்டைத் திட்டம் 2015இல் வந்தது. இடையில் 2010இல் உர மானிய முறை மாறிய பின் பொட்டாஷ், டி.ஏ.பி. விலை ஏற, யூரியா மட்டும் மலிவாகவே நீடித்தது. விளைவாக, கோவையின் யூரியாப் பாத்தி உழவர்களின் சொந்த வயல்களிலேயே உருவாகும் ஆபத்து வந்திருக்கிறது.