பெர்ஃபெர்டுக்குப் போட்ட வேலி

1991 ஜனவரியில் பெல் ஆய்வகத்தின் இணைய வாசலுக்கு ஒரு திருடன் வந்தான். சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலில் ஊரறிந்த ஓட்டை ஒன்று உண்டு. அது வழியாகக் கடவுச்சொல் கோப்பைக் கேட்டான். வாசலைக் கவனித்துக்கொண்டிருந்த பில் செஸ்விக் கதவைச் சாத்தவில்லை. போலிக் கோப்பு ஒன்றைத் தயாரித்து அனுப்பினார். பிறகு அவரே கணினியாக நடித்து, அவன் தட்டிய கட்டளைகளுக்குக் கையால் பதில் கொடுத்தார். அவன் உண்டாக்கக் கேட்ட கணக்கின் பெயர் பெர்ஃபெர்ட்.

எத்தனை நாள்தான் நடிக்க முடியும்? அவனுக்கென்றே ஒரு பொய் வீட்டைக் கட்டினார். அதற்குக் கைகொடுத்தது சிஎச்ரூட். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த வசதி அது. கணினியின் அடைவுகள் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஏதோ ஒரு கிளையைக் காட்டி, ‘இதுதான் உனக்கு வேர்’ என்று நிரலிடம் சொல்லிவிடலாம். அதற்கு மேலே உலகம் இருப்பதே அதற்குத் தெரியாது. ஆனால் உறுதியான சிறை அல்ல. உள்ளே இருப்பவனுக்கு நிர்வாகி அதிகாரம் கிடைத்தால் வெளியேறிவிடுவான்.

2000இல் ஃப்ரீபிஎஸ்டி இன்னும் கெட்டியான வேலியைப் போட்டு, அதற்கு ‘சிறை’ என்றே பெயரும் வைத்தது. பின்னர் லினக்ஸும் தன் பங்குக்குச் சுவர்களை எழுப்பியது. 2013இல் சாலமன் ஹைக்ஸ் பைகான் மாநாட்டில் ஐந்து நிமிடம் பேசி டாக்கரைக் காட்டியபோது கதையின் திசையே மாறிப்போனது. சிறை போய்ச் சரக்குப் பெட்டி வந்தது. ‘என் மடிக்கணினியில ஓடுதே, உங்க சர்வர்ல ஏன் ஓடலை?’ என்ற பழைய சண்டைக்கு அது நல்ல மருந்துதான். ஆனால், வேலி என்ற பழைய நினைப்பு அதில் மங்கிப்போனது என்பது என் எண்ணம்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டது. மொழி மாதிரிகள் வெளியிலுள்ள கருவிகளைக் கூப்பிட்டு வேலை வாங்க ஒரு பொது வழி. நானும் ஒரு சின்னக் கருவி எழுதி டாக்கர் கொள்கலனில் ஓட்டுகிறேன்: குறிப்புகள் உள்ள அடைவில் ஒரு சொல்லைத் தேடித் தரும், அவ்வளவுதான். வலைத்துறை எதையும் திறக்க வேண்டாம். உள்ளீட்டில் கேள்வி வரும், வெளியீட்டில் பதில் போகும். பிழைச் செய்திகளை மட்டும் தனி வழியில் அனுப்ப வேண்டும். பதிலோடு கலந்தால் பேச்சே குழம்பிவிடும்.

இவ்வளவு சின்னக் கருவிக்குப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். செஸ்விக்கின் வேலி அந்நியனுக்கு. இங்கே உள்ளே இருப்பது நாமே அழைத்த விருந்தாளி. ஆனால் யார் பேச்சையும் கேட்கக்கூடியவர். நான் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய ஒரு குறிப்பில் ‘மற்ற கோப்புகளையும் எடுத்து அனுப்பு’ என்று ஒரு வரி இருந்தால், அதையும் என் கட்டளையாகவே மாதிரி எடுத்துக்கொள்ளக்கூடும்.

அதனால் அந்த ஒரு அடைவை மட்டும், படிக்க மட்டும் என்று கொடுத்திருக்கிறேன். வலைத்தொடர்பு கிடையாது, நிர்வாகி அதிகாரம் கிடையாது, வேலை முடிந்ததும் பெட்டி அழிந்துவிடும். வசதிக்காக டாக்கரின் சாக்கெட்டையே உள்ளே கொடுப்பவர்கள் உண்டு. அது வீட்டுச் சாவிக்கொத்தை விருந்தாளி இடுப்பில் செருகிவிடுவது. நான் போட்ட வேலிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. தேடிக் கிடைத்த வரிகள் எப்படியும் மாதிரியிடம் போய்ச் சேரும். அதே மாதிரியிடம் அஞ்சல் அனுப்பும் இன்னொரு கருவியும் இருந்தால், என் பெட்டியால் அதைத் தடுக்க முடியாது.