பொலோஞா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி

வட இத்தாலியின் பொலோஞா நகரில் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய சட்டக் கல்விக்கூடம். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இதிலிருந்தே வளர்ந்தது. தோற்ற ஆண்டாக வழங்கும் 1088க்கு ஆவணச் சான்று கிடையாது. 1888இல் எண்ணூறாம் ஆண்டு விழா எடுப்பதற்காகக் கவிஞர் ஜொசுவே கார்துச்சி தலைமையிலான குழு வகுத்துக்கொண்ட ஆண்டு அது. இப்பள்ளியை எந்த மன்னரும் போப்பரசரும் நிறுவவில்லை. ஒரு நூலைப் பாடம் கேட்க வந்தவர்கள் கூடிக் கூடி உருவானது.

அந்த நூல், பேரரசர் ஜஸ்டினியனின் ஆணைப்படி 533இல் வெளியான ‘டைஜெஸ்ட்’ என்னும் ரோமானியச் சட்டத் திரட்டு. மொத்தம் 50 புத்தகங்கள். மேற்கு ஐரோப்பா பல நூற்றாண்டுகள் மறந்திருந்த அதற்குப் பொலோஞாவில் முறையாகப் பாடம் சொல்லிப் பெயர்பெற்றவர் இர்னேரியுஸ். அரிய சொற்களுக்குப் பொருள் சொல்லி, வரிகளுக்கு நடுவிலும் ஏட்டின் ஓரத்திலும் குறிப்பு எழுதினார். உரையின் துணையோடு மூலத்தைப் படித்துப் பழகிய தமிழர்களுக்கு இம்முறை அயலானதல்ல. அவர் வழிவந்த புல்காருஸ், மார்ட்டினுஸ், ஹூகோ, யாக்கோபுஸ் ஆகியோர் ‘நான்கு மேதைகள்’ எனப்பட்டனர். 13ஆம் நூற்றாண்டில் அக்கூர்சியுஸ் முந்தையோர் உரைகளைத் திரட்டி, ஏறத்தாழ 97,000 குறிப்புகள் கொண்ட பேருரையாக்கினார். வழக்காடுமன்றங்களில் அது மூலத்துக்கு நிகராக மதிக்கப்பட்டது. 1140ஐ ஒட்டி கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்ட நூல் இரண்டாவது பாடத்துறைக்கு வழி திறந்தது.

பள்ளியின் வரலாற்றில் மிகவும் கருதத்தக்கது மாணவர்கள் பெற்றிருந்த அதிகாரம். வெளியூர் மாணவருக்கு நகரில் குடியுரிமை இல்லை. அவர் ஊர்க்காரர் எவரோ வாங்கிய கடனுக்காகக்கூட அவர் உடைமையைப் பறிக்க முடிந்தது. பேரரசர் பார்பரோசா 1150களில் பிறப்பித்த ஆணை இதைத் தடைசெய்தது. மாணவர்களும் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள இரு சங்கங்களாகத் திரண்டார்கள்: ஒன்று இத்தாலியருடையது, மற்றது ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்தோருடையது. ‘உனிவெர்சிதாஸ்’ என்ற லத்தீன் சொல் அப்போது குறித்தது இந்தச் சங்கங்களைத்தான். சங்கத் தலைவரான ரெக்டரை மாணவர்களே தேர்ந்தெடுத்தனர். அவருக்குக் கட்டுப்படுவதாக ஆசிரியர்கள் சத்தியம் செய்தனர். மணியடித்ததும் பாடம் தொடங்காவிட்டால் அபராதம். கடினமான பகுதியைத் தாண்டிச் சென்றால் அபராதம். ஐந்து பேர்கூட வராத வகுப்பின் ஆசிரியர் வராதவராகவே கணக்கிடப்பட்டார். வெளியூர் போகவும் அனுமதி வேண்டும். இதைப் பழங்கால விநோதமாகப் படித்துவிட்டு நகர்வது தவறு. பல்கலைக்கழகம் என்ற அமைப்புக்கு ஐரோப்பிய மொழிகளில் பெயர் தந்ததே இத்தகைய கூட்டுதான்.

நகராட்சியோடு மோதல் முற்றியபோது மாணவர்கள் ஊரைவிட்டே வெளியேறினர். 1222இல் அப்படிப் போனவர்களால் பதுவா பல்கலைக்கழகம் பிறந்தது. பின்னர் நகரமே ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்க, மாணவர் பிடி தளர்ந்தது.

கவிஞர் பெத்ரார்க் இங்கே சட்டம் பயின்றார். திருச்சபைச் சட்டம் படிக்க 1496இல் வந்த கோப்பர்நிக்கஸ், வானியல் பேராசிரியர் நொவாராவின் வீட்டில் தங்கி விண்மீன்களை நோக்கினார்.

நெடுங்காலம் ஆசிரியர் வீடுகளிலும் வாடகைக் கூடங்களிலும் நடந்த வகுப்புகள் 1563இல் ஆர்க்கிஜின்னாசியோ மாளிகையில் ஒன்றுசேர்ந்தன. மாணவர்களின் குலச்சின்னங்கள் அதன் சுவர்களில் ஆயிரக்கணக்கில் உள்ளன. 1803இல் பல்கலைக்கழகம் அங்கிருந்து இடம்பெயர்ந்தது. சட்டத்துறை இன்று சம்போனி தெருவில் இயங்குகிறது. அக்கூர்சியுஸின் கல்லறை புனித பிரான்சிஸ் ஆலயத்தின் பின்புறம், பிரமிடு வடிவக் கூரையோடு நிற்கிறது.

பொலோஞாவில் உயிர்பெற்ற ரோமானியச் சட்டம் ஐரோப்பா முழுவதும் பரவியது. அதன் ஒரு கிளையான ரோமன்-டச்சுச் சட்டம் ஒல்லாந்தர் ஆட்சியோடு இலங்கை சேர்ந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டத்தில் விதி காணாத இடங்களில் இலங்கை நீதிமன்றங்கள் இன்றும் அந்த ரோமன்-டச்சுச் சட்டத்தையே நாடுகின்றன.