ஹாங்காங் பறவைக் காய்ச்சல், 1997

ஹாங்காங் பறவைக் காய்ச்சல் என்பது 1997ஆம் ஆண்டு எச்5என்1 வகை இன்ஃப்ளூயன்சா வைரஸ் கோழிகளிடமிருந்து மனிதருக்கு நேரடியாகத் தொற்றிய நிகழ்வாகும். இவ்வகை வைரஸ் மனிதரை நோயுறச் செய்து உயிரைப் பறித்தது உலகில் அறியப்பட்டது இதுவே முதன்முறை. 18 பேர் நோயுற்றனர். 6 பேர் இறந்தனர். இறந்தோர் தொகை சிறிதாயினும், ஒரு நகரிலிருந்த கோழிகள் அனைத்தையும் சில நாட்களில் கொல்லும் முடிவுக்கு இதுவே காரணமாயிற்று.

பின்னணி

இன்ஃப்ளூயன்சா ஏ வைரசின் மேற்பரப்பில் இரு புரதங்கள் உள்ளன. எச் என்பது உயிரணுவில் ஒட்டிக்கொள்ள உதவுவது. என் என்பது பெருகிய வைரஸ் உயிரணுவிலிருந்து விடுபட உதவுவது. இருபதாம் நூற்றாண்டில் மனிதரிடையே உலகெங்கும் பரவியவை எச்1, எச்2, எச்3 வகைகள் மட்டுமே. எனவே எச்5 வகைக்கு எதிரான எதிர்ப்பாற்றல் மக்களிடம் அநேகமாக இல்லை.

1957, 1968 ஆகிய ஆண்டுகளின் பெருந்தொற்றுகள், பறவை வைரசின் மரபணுக்கள் மனித வைரசோடு கலந்ததால் தோன்றியவை. இக்கலப்பு பன்றியின் உடலில் நிகழக்கூடும் என்றும், பறவை வைரஸ் நேரே மனிதரைத் தாக்குவது அரிது என்றும் அறிஞர்கள் கருதியிருந்தனர். ஹாங்காங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னடி ஷார்ட்ரிட்ஜ், மக்களும் வாத்துகளும் பன்றிகளும் நெருங்கி வாழும் தென்சீனம் புதிய வைரஸ்களின் பிறப்பிடமாகலாம் என்று 1982லேயே எழுதியிருந்தார்.

முதல் நோயாளி

1997 மே மாதம் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மே 21ஆம் நாள் இறந்தான். அவனிடமிருந்து எடுத்த மாதிரியில் இருந்தது இன்ஃப்ளூயன்சா ஏ என்பது தெரிந்தது. எந்த வகை என்பது தெரியவில்லை. மனிதரிடம் வழக்கமாகக் காணப்படும் வகைகளைக் கண்டறியும் சோதனைகளில் அது எதனோடும் பொருந்தவில்லை. மாதிரி அட்லாண்டா, லண்டன், நெதர்லாந்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டது. ஆகஸ்ட் மாதம் விடை வந்தது: எச்5என்1. அவ்வாண்டின் முற்பகுதியில் ஹாங்காங்கின் புதிய பிரதேசப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான கோழிகளைக் கொன்றதும் இதே வகைதான். மாதிரியில் ஆய்வுக்கூடத்தில் வேறு வைரஸ் கலந்துவிட்டதோ என்ற ஐயமும் எழுந்தது. சோதித்ததில் அப்படி இல்லை என உறுதியாயிற்று.

சிறுவன் இறந்தபோது ஹாங்காங் பிரித்தானிய ஆட்சியில் இருந்தது. நோய்க்குப் பெயர் தெரிந்தபோது அது சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பொதுச் சுகாதாரத் துறையின் இயக்குநராக இரு ஆட்சியிலும் இருந்தவர் மருத்துவர் மார்கரெட் சான். பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானவர் இவரே.

கோழிகளைக் கொல்லும் முடிவு

சில மாதங்கள் புதிய நோயாளி எவரும் இல்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் மேலும் 17 பேர் நோயுற்றனர். இவர்களில் பலர் ஒருவரோடொருவர் தொடர்பற்றவர்கள். நோயுறுவதற்கு முந்தைய வாரத்தில் உயிருள்ள கோழிகள் விற்கும் சந்தைக்குச் சென்றிருந்ததே நோயோடு தொடர்புடையதாக ஆய்வில் தெரிந்தது. சமைத்த கோழியை உண்டதற்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. சந்தைக் கோழிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் வைரஸ் இருந்தது. பார்வைக்கு அவற்றில் பல நலமாகவே இருந்தன.

குளிர்காலம் மனிதக் காய்ச்சலும் பரவும் காலம். ஒரே மனிதரிடம் இரு வைரஸ்களும் சேர்ந்தால் மரபணுக் கலப்பு நிகழலாம் என்பதே பெரிய அச்சம். தடுப்பூசிக்கும் வழி எளிதாக இல்லை: காய்ச்சல் தடுப்பூசி கோழிக்கருமுட்டையில் வளர்த்துச் செய்யப்படுவது, இந்த வைரசோ அக்கருவையே கொன்றது.

டிசம்பர் 29 முதல் ஹாங்காங்கின் 160 பண்ணைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளிலும் இருந்த கோழிகள் அனைத்தும் கொல்லப்பட்டன. தொகை 13 லட்சம் என்றும் 15 லட்சம் என்றும் கூறப்படுகிறது. இத்தகைய வேலையில் பழக்கமில்லாத அரசு ஊழியர்களும் இதில் இறக்கப்பட்டதால் குழப்பங்கள் நேர்ந்தன. சீனப் பெருநிலத்திலிருந்து கோழி வருவது முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. பிப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. கோழி படைத்து வழிபடும் சீனப் புத்தாண்டு ஜனவரி 28இலேயே வந்துவிட்டது. இழப்பை முதலில் சுமந்தவர்கள் சிறு வணிகர்களே என்பதை இவ்வரலாற்றில் மறக்கலாகாது.

அதன்பின் ஒருவரும் புதிதாக நோயுறவில்லை. கொன்றதால்தான் நோய் நின்றது என்று ஐயமற மெய்ப்பிக்க வழியில்லை. கொல்லாமல் விட்ட இன்னொரு ஹாங்காங் ஒப்பிடுவதற்கு இல்லை. ஆயினும், கோழித் தொழிலாளர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் குருதியில் எச்5 எதிர்ப்பொருள் இருந்தது பின்னர் தெரிந்தது. மனிதரை வைரஸ் எத்தனை முறை தொட்டிருக்கிறது என்பதற்கு இது சான்று. நோயாளிகளைப் பராமரித்தவர்களில் சிலரிடமும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஆனால் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் ஆற்றலை அது பெறவில்லை.

பின்விளைவுகள்

1997இல் மனிதரைத் தாக்கிய அதே மரபணுச் சேர்க்கை பின்னர் காணப்படவில்லை. ஆனால் அதன் மூதாதையான வைரஸ், 1996இல் குவாங்டாங் மாநிலத்து வாத்தினப் பறவையொன்றில் கண்டறியப்பட்டது, அழியவில்லை. அதன் வழித்தோன்றல்கள் 2003 இறுதி முதல் வியட்நாம், தாய்லாந்து முதலிய நாடுகளிலும், 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரிக் காட்டுப் பறவைகளிடமும், 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளிலும் காணப்பட்டன. 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் இவ்வழி வைரஸ் கண்டறியப்பட்டது. 2003 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வந்த மனித நோயாளிகள் 900க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர்.

ஹாங்காங்கில் வாத்துகளைக் கோழிகளோடு சேர்த்து விற்பது 1998இல் தடுக்கப்பட்டது. 2001 முதல் சந்தைகளைக் காலி செய்து கழுவும் ஓய்வுநாள் நடைமுறைக்கு வந்தது. 2008 முதல், கடையில் விற்காமல் எஞ்சும் கோழியை உயிரோடு இரவில் வைத்திருப்பதற்கும் அனுமதி இல்லை.