ஊசிக்குப் பிறகான ஆறு வாரம்: நாள்பட்ட முதுகுவலிச் சிகிச்சையும் நசரத்பேட்டைத் தொழிற்பகுதியும்

பெங்களூரு நெடுஞ்சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் நசரத்பேட்டையில் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. அருகிலேயே பனிமலர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிழக்கே வேலப்பன்சாவடியிலும் மேற்கே தண்டலத்திலும் பெரிய மருத்துவமனைகள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்களும் இந்தச் சாலையில்தான் ஓடுகின்றன. ஷிப்டு முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்கும், குனிந்து பாரம் தூக்குபவருக்கும், லாரி ஓட்டுபவருக்கும் முதுகுவலி முதுமையில் வருவதில்லை, முப்பதிலேயே வந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அந்த நிலையில் ஊசிச் சிகிச்சை பற்றிய பேச்சு எழுகிறது. இச்சிகிச்சையை ஒதுக்கித்தள்ள வேண்டியதில்லை. ஆனால் ஊசி போட்டதற்குப் பின்வரும் வாரங்களில் நோயாளிக்கு என்ன நடக்கிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தெருமுனை கிளினிக்கில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியை இங்கே குறிப்பிடவில்லை. அது சில மணி நேர நிவாரணம். நாம் பேசுவது எபிடூரல் ஊசியைப் பற்றி. விலகிய டிஸ்க் நரம்பு வேரை அழுத்தும்போது அங்கே அழற்சி உண்டாகி, காலில் மின்னல்போல் வலி இறங்குகிறது; இதுவே சயாட்டிகா. அந்த வேரின் அருகே, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, ஸ்டீராய்டையும் மரப்பு மருந்தையும் செலுத்துகிறார்கள். 1901இல் பாரிஸில் கோகெயினைக் கொண்டு தொடங்கிய முறை இது. ஸ்டீராய்டு சேர்ந்தது 1950களில். ஊசி டிஸ்கைப் பழைய இடத்துக்குத் தள்ளுவதில்லை. பலருக்கு டிஸ்க் பிதுக்கம் சில மாதங்களில் தானாகவே சுருங்குகிறது. அதுவரை வலியைத் தணித்து வைப்பதே ஊசியின் வேலை. இன்னொரு முறை, முதுகெலும்பு மூட்டுகளிலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் சிறு நரம்பை ரேடியோ அலை வெப்பத்தால், சுமார் 80 டிகிரியில், சுடுவது. அந்த நரம்பும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மறுபடி வளர்ந்துவிடும்.

சான்றுகள் என்ன சொல்கின்றன? சயாட்டிகா வலிக்கான எபிடூரல் ஸ்டீராய்டு குறித்து 25 ஆய்வுகளை, ஏறத்தாழ 2,500 நோயாளிகளை, அலசிய 2020ஆம் ஆண்டு காக்ரேன் மருத்துவச் சான்று மதிப்பாய்வில், நூறு புள்ளி அளவுகோலில் கால்வலி குறைந்தது சுமார் ஐந்து புள்ளி. அதுவும் குறுகிய காலத்துக்கு. தண்டுவடக் குழாய் குறுகிய 400 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்த்ததால் சொல்லிக்கொள்ளும்படியான கூடுதல் பயன் இல்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ் 2016இல், காலுக்கு இறங்காத வெறும் இடுப்புவலிக்கு முதுகில் ஊசி வேண்டாம் என்றது. கடுமையான, புதிதாக வந்த சயாட்டிகாவுக்கு மட்டும் வாய்ப்பை விட்டுவைத்தது. 2025இல் பிஎம்ஜே மருத்துவ இதழின் வழிகாட்டல் இன்னும் ஒரு படி மேலே போய், நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இவ்வகைச் சிகிச்சைகளையே வலுவாக மறுத்தது.

வலி மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. தகுதியற்ற நோயாளிகளையும் மாறுபட்ட உத்திகளையும் ஒன்றாகக் கலந்தால் சராசரி தாழத்தானே செய்யும் என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. சராசரியில் ஐந்து புள்ளி என்பது சிலருக்கு இருபதாகவும் பலருக்குச் சுழியமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாதவரை, மூன்றாவது ஊசிக்கும் நான்காவது ஊசிக்கும் இந்த வாதம் இடம் தராது.

தீங்குகளையும் மறைக்கலாகாது. நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில், ஒரு ஸ்டீராய்டு ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். இதை நோயாளியிடம் முன்பே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2012இல் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு ஊசிகளால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரிதாகப் பக்கவாதமும் பார்வையிழப்பும் நேரலாம் என்று 2014இல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. திரும்பத் திரும்பப் போடுவதும் தீங்கற்றதல்ல: முழங்காலில் மூன்று மாதத்துக்கொரு முறை, ஈராண்டு ஸ்டீராய்டு போட்ட ஆய்வில் (2017) வலி உப்புநீர் ஊசியைவிடக் குறையவில்லை. குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது.

ஆக, ஊசி நன்றாக வேலை செய்தாலும் கிடைப்பது சில வார அவகாசம். அந்த அவகாசத்தில் முதுகுத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி நடந்தால் ஊசிக்குப் பொருள் உண்டு. வலி மரத்த முதுகோடு மறுநாளே பழைய பாரத்தைத் தூக்கினால், அந்த ஊசி போடப்பட்டது உற்பத்திக்காகத்தான், தொழிலாளிக்காக அல்ல. ஓய்வெடுக்கச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2017இல் ஊதிய உச்சவரம்பை 21,000 ரூபாயாக்கிய இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தக்காரர் மாற மாறப் பங்களிப்பும் விட்டுவிட்டு வரும் தொழிலாளிக்கு அந்த 78 நாளே எட்டாக்கனி. உதவி கிடைப்பவருக்கும், கிடைக்காமல் போகும் 30 விழுக்காட்டில் வீட்டு வாடகையும் அடங்கியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஷிப்டில் இருப்பவரை அது எந்த நேரத்தில் சந்திக்கும்?

இப்பகுதி மருத்துவமனைகள் ஊசிக்குத் தேதி குறிக்கும் அன்றே ஆறு வார பிசியோதெரபிக்கும் தேதி குறிக்கட்டும். பாரம் தூக்காத வேலை தரச் சொல்லி ஒரு சான்றிதழையும் எழுதிக் கொடுக்கட்டும். அச்சான்றிதழை ஏற்பதை ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்திலும் ஆலைகளுக்குத் தொழிலாளர் துறை கட்டாயமாக்க வேண்டும்.